எழினியா, நன்முல்லையா? அண்ணன் மகளுக்குப் பெயர் – முடிவெடுக்க உதவுங்கள்

அத்தைக்காரி – காலை 9.40

எல்லாருக்கும் வணக்கம். அண்ணன் மகளுக்குப் பேர் வைக்கிற பொறுப்பை அத்தை என்ற முறையில் எனக்குக் கொடுத்திருக்காங்க. குழந்தை பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. பிறப்பு பதிவாகிவிட்டது, பெயர்க் கட்டம் மட்டும் காலி. நூறு பேரில் ஆரம்பித்து இரண்டில் வந்து நிற்கிறோம்: எழினி, நன்முல்லை. இரண்டுமே எங்கள் சுற்றத்தில் யாருக்கும் இல்லாத பெயர்கள்.

தெரிய வேண்டியவை இவை. பெயர்ப் பட்டியல் தளங்களில் எழினிக்கு "அழகு மிக்கவள்" என்று போட்டிருக்கிறார்கள், அது சரிதானா? ஆங்கிலத்தில் எப்படி எழுதினால் பிற்பாடு தொல்லை இல்லை? அப்பாவின் முதலெழுத்து க. ஊர் ஈரோடு, ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் ஜெர்மனி போகிற வாய்ப்பு இருக்கிறது. எப்போதைக்குள் முடிவு செய்ய வேண்டும்? பிறகு மாற்ற முடியுமா?

சொற்கிடங்கு – காலை 10.25

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது. எழினி என்றால் அழகு மிக்கவள் இல்லை. எழில் என்ற சொல் பக்கத்தில் ஒலிப்பதால் யாரோ சேர்த்துவிட்டார்கள், ஒரு தளத்தைப் பார்த்து இன்னொரு தளம் எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறது. அகராதியில் எழினிக்கு உள்ள பொருள் இடுதிரை, அதாவது திரைச்சீலை. சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையில் மாதவி ஆடும் மேடைக்கு மூன்று திரை சொல்லப்படுகிறது: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. முதலாவது ஒரு பக்கமிருந்து இழுக்கும் திரை. இரண்டாவது இரு பக்கமிருந்தும் வந்து நடுவில் பொருந்துவது. மூன்றாவது மேலே மறைந்திருந்து இறங்குவது.

அடுத்தது, இது ஆளின் பெயராக வரும் இடங்களிலெல்லாம் ஆண் பெயர். தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் மரபில் வரும் பெயர். புறநானூறு 158 வள்ளல்களை வரிசையாகச் சொல்லும்போது எழினியைக் குதிரை மலைக்கும் கூர்வேலுக்கும் உரியவனாகக் காட்டுகிறது. 230ஆம் பாட்டு அதியமான் எழினி தகடூரில் இறந்தபோது அரிசில்கிழார் பாடியது. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவை பாடியிருக்கிறார். அகநானூறு 36இல் தலையாலங்கானப் போரில் பாண்டியனை எதிர்த்த எழுவரில் ஒருவன் பெயரும் எழினி. அதே அகநானூற்றில் 211ஆம் பாட்டில் வேறொரு எழினியின் பல்லைப் பிடுங்கி வெண்மணி வாயில் கதவில் பதித்த செய்தி இருக்கிறது. பிள்ளைக்கு வைக்கிற பெயர் என்பதால் இருப்பதை எல்லாம் சொல்லிவிட வேண்டும், அதனால்தான் அதையும் எழுதினேன்.

திரைச்சீலை என்ற பொருளுக்கு எனக்குப் பிடித்த சான்று கல்வெட்டில் இருக்கிறது. போளூர் பக்கம் திருமலை சமணக் கோயிலில் அதியமான் மரபைச் சேர்ந்த விடுகாதழகிய பெருமாளின் கல்வெட்டு. முன்னோன் எழினி வைத்த இயக்கன், இயக்கி (யட்சன், யட்சி) உருவங்களைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. தமிழில் எழினி என்று வரும் பெயரை வடமொழிப் பகுதியில் "யவனிகா" என்று மாற்றியிருக்கிறார்கள். யவனிகா என்றாலும் திரைச்சீலை. பெயரின் பொருள் என்ன என்று அந்தப் பரம்பரைக்கே தெரிந்திருந்தது.

அத்தைக்காரி – காலை 10.50

ஐயோ, அழகு என்று சொல்லித்தான் அண்ணியைச் சம்மதிக்க வைத்தேன். அப்ப எழினியை விட்டுவிடலாமா?

ஒப்பனையறை – முற்பகல் 11.15

அவசரப்படாதீங்க. பழைய ஆண் பெயர் என்பது ஒரு காரணமே இல்லை. அன்பு, மதி, தமிழ், கதிர் எல்லாம் இருபாலுக்கும் ஓடுகிறது. இகரத்தில் முடிவதால் இன்று கேட்கிறவர் காதில் எழினி பெண் பெயராகத்தான் விழும், யாழினி குழலி வரிசையில் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

பொருளையும் கொஞ்சம் நின்று பாருங்கள். மேடைக்காரர்களுக்குத் திரை சும்மா ஒரு துணி இல்லை. விளக்கு ஏற்றி, மத்தளம் சுருதி சேர்ந்து, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது அந்தத் துணியைத்தான். அது அசைந்தால் ஆட்டம் தொடங்குகிறது. இந்தப் பொருளில் ஒரு பெண்ணுக்குப் பெயர் வைப்பதில் என்ன குறை? "அழகானவள்" என்ற பொருளில் ஏற்கெனவே ஆயிரம் பெயர் இருக்கிறது. தமிழ் நாடக மேடையின் கலைச்சொல் ஒன்றைப் பெயராகத் தாங்கும் பெண்கள் எத்தனை பேர்?

ஒன்றே ஒன்று. பொருளை மாற்றிச் சொல்லி வளர்க்காதீர்கள். பிள்ளை எட்டாம் வகுப்பில் தானே அகராதியைப் புரட்டுவாள். அன்றைக்கு அவளுக்குப் புதிதாக எதுவும் தெரியவரக் கூடாது.

குறுந்தொகைக்காரர் – முற்பகல் 11.40

நன்முல்லைக்காக ஒருவரும் பேசவில்லையே. நல் + முல்லை, லகரம் மகரத்தின் முன் னகரமாகி நன்முல்லை. அள்ளூர் நன்முல்லையார் பெண்பாற் புலவராக எண்ணப்படுகிறவர். கோழி கூவியதும் விடியல் வாள் மாதிரி வந்து காதலரைப் பிரிக்கப் போகிறதே என்று நெஞ்சு திடுக்கிடும் பாட்டு (குறுந்தொகை 157) இவருடையது. கண்ணுக்கு இனிய நெருஞ்சிப் பூ பிறகு முள்ளாவதைப் போல, இனிமை செய்த காதலர் துன்பம் செய்கிறார் என்கிற 202ஆம் பாட்டும் இவருடையதே. ஐந்தே அடி. அதில் "நோம் என் நெஞ்சே" மூன்று முறை வருகிறது.

எழினி அரசர் பெயர் என்றால் நன்முல்லை பாடியவர் பெயர். முல்லைப் பூவுக்குப் பின்னாலும் எவ்வளவோ இருக்கிறது. பாரி தேர் கொடுத்த கொடி அது. ஒல்லையூர்ச் சாத்தன் இறந்தபின், சூட ஆளில்லாத நாட்டில் நீயும் பூத்தாயோ என்று புறநானூறு 242இல் கேட்கப்படும் பூவும் அதுதான். விளியில் கூப்பிட்டுப் பாருங்கள்: எழினீ என்றால் ஈகாரமாக நீளும், நன்முல்லாய் என்றால் வாய் திறந்து முடியும். என் ஓட்டு நன்முல்லைக்கு.

நாவும்பல்லும் – நண்பகல் 12.30

பொருள் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கூப்பிடப் போவது அகராதி இல்லை, பாட்டியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும்தான். அவர்கள் வாயில் பெயர் என்ன ஆகும் என்று பார்த்துவிடலாம்.

எழினியில் எல்லாம் ழி-யைப் பொறுத்தது. தென் மாவட்டங்களில் பேச்சில் ழ பெரும்பாலும் ளகரமாகிவிடும், அங்கே இவள் எளினி. சென்னைப் பக்கம் பழம் பயம் ஆகிற வாயில் இவள் எயினி. எயினி என்பதும் நல்ல பழந்தமிழ்ச் சொல்லே, பாலை நிலத்து எயினர் குலப் பெண். குறமகள் இளவெயினி என்றே ஒரு புலவர் உண்டு. ஆக, பிசகினாலும் கெட்ட பொருளில் போய் விழாது. ஆனால் உங்களுக்குத் தமிழில் ழகரம் முக்கியம் என்றால் அதை வருடக்கணக்கில் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு மனசு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலையாளிகள் சரியாகச் சொல்வார்கள், அவர்கள் எழுத்திலும் ழ இருக்கிறது. இந்தியில் வேறு கதை. கனிமொழி என்ற பெயரை இந்திச் செய்திகளில் "மோஜ்ஹி" என்று ஒலிக்கிற மாதிரிதான் எழுதுகிறார்கள், ழகரத்துக்குப் போடும் ஆங்கில இசட்–எச்சைப் பார்த்து வந்த வினை. எழினியும் அங்கே ஏஜ்ஹினி ஆகும்.

இன்னொன்று முதலெழுத்துக் குறில். ஆங்கில "இ" எழுத்து எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் பொது. ஆங்கிலத்தில் மட்டும் பெயரைப் பார்த்த தமிழ் ஆசிரியரே ஏழினி என்று வாசிப்பார்.

நன்முல்லையில் சிக்கல் நடுவில். ன்மு என்று இரண்டு மூக்கொலி ஒட்டி வருகிறது. வேகமாகச் சொன்னால் நம்முல்லை ஆகும், கடைசி ஐகாரமும் பேச்சில் தேய்ந்து "நம்முல்ல". கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரும் முழுப்பெயரைச் சொல்லப் போவதில்லை, ஒரு மாதத்தில் முல்லை என்று சுருங்கிவிடும். முல்லை என்ற பெயர் அபூர்வம் இல்லை, தொலைக்காட்சித் தொடர் வழியாகவும் வீடு வீடாகத் தெரிந்த பெயர். அபூர்வமான பெயர் வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால் நன்முல்லை தாளில் மட்டும்தான் அபூர்வமாக இருக்கும்.

பதிவேடு – பிற்பகல் 1.10

பதிவு பற்றி. குறித்து வைத்துக்கொள்ளுங்க.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அது முடிந்துவிட்டது என்கிறீர்கள். பெயரைச் சேர்க்கப் பிறப்பு பதிவான தேதியிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தமிழ்நாட்டில் 200 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். எனவே ஐந்து வாரத்தில் பதற்றம் தேவையில்லை. ஆனால் பெயரில்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு ஆதார், பாஸ்போர்ட் என்று ஓட வேண்டாம். மருத்துவமனைக் கோப்பில், தடுப்பூசி அட்டையில் "இன்னாருடைய குழந்தை" என்று இருப்பது அப்படியே இருக்கட்டும்.

மிக முக்கியமானது: பெயர் ஒருமுறை ஏறிவிட்டால் ஏறியதுதான். எழுத்துப் பிழையைத் திருத்த வழி உண்டு, அதற்கும் ஆவணம் கேட்பார்கள். மனம் மாறி எழினியை நன்முல்லையாக்க முடியாது. பின்னாளில் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடலாம். அப்படிச் செய்தாலும் பிறப்புப் பதிவில் பழைய பெயரே நிற்கும், இரண்டு தாளையும் சேர்த்துக் காட்டிக்கொண்டே அலைய வேண்டும். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத் திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, பாஸ்போர்ட், ஆதார் எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கு இந்த ஒரே சான்றிதழ்தான். முன்பெல்லாம் பள்ளியில் சேர்க்கும்போது பெயரைச் சீர்செய்துகொள்ளும் வழக்கம் இருந்தது. இனி அது நடக்காது.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த விடுவார்கள். அதில் ஒன்றை எழுத்துப் பிழைக்குச் செலவழிப்பது வீண்.

பாஸ்போர்ட்டில் முதலெழுத்தை வைக்க முடியாது, விரித்து எழுத வேண்டும். குழந்தை பெயரைப் பெயர்க் கட்டத்திலும் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் போடுவது வழக்கம். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கொடுப்பதில் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அமெரிக்க விசாவில் முதற்பெயர் இல்லாத இடத்தில் "எஃப்என்யு", பெயர் தெரியாது என்று அச்சாகும்.

தட்டச்சர் – பிற்பகல் 1.45

பதிவேடு சொன்ன எழுத்துப் பிழை எங்கே விழுகிறது என்று சொல்கிறேன். சான்றிதழில் தமிழ், ஆங்கிலம் இரண்டும் வரும். ஆங்கில எழுத்தால் தமிழ் அடிக்கிற முறையில் சிறிய எல் அடித்தால் ல, பெரிய எல் அடித்தால் ள. சிறிய என் ன, பெரிய என் ண. சிறிய இ எ, பெரிய இ ஏ. ஷிஃப்ட் விசையில் விரல் கொஞ்சம் அதிகம் நின்றால் பெயர் மாறிவிடும்.

எழினிக்கு நடக்கக்கூடியவை: எலினி, எளினி, ஏழினி, எழிணி. நான்குமே பார்த்த உடனே பிழை என்று தெரியும், பொருள் எதுவும் இல்லாத பிழைகள்.

நன்முல்லைக்கு அப்படி இல்லை. ல்ல ள்ள ஆனால் நன்முள்ளை, பூ போய் முள் வந்துவிடும். ஒரு ல் விட்டுப்போனால் என்ன சொல்லாகும் என்று நீங்களே எழுதிப் பாருங்கள், அது பள்ளி வருகைப் பதிவேட்டில் அச்சாகி வந்தால் அந்தப் பிள்ளை படும் பாடு எளிதாக இருக்காது. ஆங்கிலத்திலும் இதே ஆபத்து: இரட்டை எல் கட்டாயம், ஒற்றை எல் போட்டால் தமிழர் யாரும் அதே சொல்லாகத்தான் வாசிப்பார்கள். ஒன்பது எழுத்துப் பெயரில் ஓர் எழுத்தைத் தவறவிடுவது எவ்வளவு சாதாரணம் என்பது நாள் முழுக்கப் படிவம் நிரப்புகிறவர்களுக்குத் தெரியும்.

குறுந்தொகைக்காரர் – பிற்பகல் 2.05

தட்டச்சர் சொல்வது நெஞ்சில் தைக்கிறது. நெருஞ்சிப் பூ முள்ளானதைப் பாடியவர் பெயரிலேயே இப்படியொரு முள்ளா. ஆனாலும் பிழை வரும் என்று பயந்து நல்ல பெயரை விடக் கூடாது என்பது என் கருத்து. படிவத்தை இரண்டு முறை பார்த்தால் போதுமே.

தட்டச்சர் – பிற்பகல் 2.20

ஐயா, படிவம் ஒன்றில்லை. பள்ளி, தேர்வு நுழைவுச் சீட்டு, வங்கி, காப்பீடு, வாக்காளர் பட்டியல் என்று ஆயுள் முழுக்க வரும், ஒவ்வொன்றையும் வேறொருவர் அடிப்பார். பெற்றோர் பக்கத்தில் நிற்கப் போவது முதல் படிவத்துக்கு மட்டும்.

வடக்குவீதி – மாலை 4.00

கனடாவில இருந்து எழுதுறன். எங்கட ஆக்கள் ழகரத்துக்கு ஒற்றை எல் போடுறதுதான் வழமை. யாழினியை இஞ்ச கனபேர் வை–ஏ–எல் எண்டுதான் எழுதுவினம். அந்தக் கணக்கில எழினி இ–எல்–ஐ–என்–ஐ. வெள்ளைக்காரர் பிழையில்லாம எலினி எண்டு கூப்பிடுவினம், எலெனி எண்ட கிரேக்கப் பெயர் அவைக்குப் பழக்கம். இசட்–எச் போட்டால் முதல் நாளே வாத்தியார் நிண்டு யோசிப்பார். ஆனால் ஒண்டு: எல் போட்ட பிள்ளை தமிழ்நாட்டுக்கு வந்தால் அந்த ஸ்பெல்லிங்கைப் பார்த்து எலினி எண்டுதான் கூப்பிடுவினம், ழகரம் திரும்பி வராது. நீங்கள் இருக்கப்போற இடம் எது எண்டதைப் பொறுத்தது.

முல்லை பற்றியும் ஒரு சொல். எங்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டவுடன பூவுக்கு முதல் முல்லைத்தீவுதான் ஞாபகம் வரும், 2009 ஞாபகம் வரும். அதுக்காக வைக்க வேண்டாம் எண்டு சொல்லேல்லை, கனபேர் அதுக்காகவே விரும்பி வைப்பினம். எங்கட ஆக்களோட பழகேக்குள்ள பிள்ளை அதைக் கேட்பாள் எண்டு மட்டும் தெரிஞ்சுகொள்ளுங்கோ அக்கா.

ரைன்கரை – மாலை 4.35

ஜெர்மனி என்றதால் எழுதுகிறேன். ஜெர்மனில் இசட் என்றால் ட்ஸ். இசட்–எச் போட்ட எழினியை அவர்கள் எட்ஸ்ஹினி என்று உடைத்துதான் வாசிப்பார்கள், ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் எலினி அல்லது எரினி என்று பிடித்துக்கொள்வார்கள். நன்முல்லையை எழுத்துப்படி வாசித்தாலே கிட்டத்தட்டச் சரியாக வரும். ஜெர்மனில் "யு" எழுத்து உகரம்தான், "ஏ–ஐ" இரண்டும் சேர்ந்தால் ஐகாரம்தான். இந்த ஒரு விஷயத்தில் நன்முல்லை ஜெர்மனுக்காகவே செய்த மாதிரி.

ஆனால் நடுவில் இருக்கும் "முல்" அவர்கள் காதில் தனியாக விழும். அந்த உகரத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்தால் அது குப்பை என்ற சொல். புள்ளி இல்லாமல் என்றால் காயம் கட்டும் மெல்லிய துணி. உச்சரிப்பு வேறு வேறுதான், பெரியவர்கள் கவனிக்க மாட்டார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் கவனிப்பார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டோடு வரும் குழந்தைக்குப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லா இடத்திலும் அப்படியே ஏற்றுவார்கள். அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து எதையும் தள்ளிப்போடாதீர்கள்.

அத்தைக்காரி – மாலை 6.10

எல்லாருக்கும் நன்றிங்க. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. அப்பத்தா நட்சத்திரத்து எழுத்து கேட்கிறார், பெரியப்பா எண்கணிதம் பார்த்து இன்னொரு எச் சேர்க்கச் சொல்கிறார். இதற்கு என்ன செய்வது?

கொங்குநாட்டான் – மாலை 6.45

வீட்டுப் பெரியவங்க கேட்கிறதுக்கு மரியாதையாகக் கணக்குச் சொல்லிவிடலாம்ங்க. நட்சத்திர எழுத்தில் கார்த்திகைக்கு அ, இ, உ, எ. அனுசத்துக்கு ந, நி, நு, நே. பாப்பா கார்த்திகை என்றால் எழினி பொருந்தும், அனுசம் என்றால் நன்முல்லை. சில பஞ்சாங்கத்தில் கார்த்திகைக்கு ஏ என்று நெடிலில் போட்டிருக்கும். வடமொழியில் எகரக் குறில் இல்லாததால் வந்த வேறுபாடு அது, குறிலும் அதிலேயே அடக்கம் என்று அப்பத்தாவிடம் சொல்லுங்க. வேறு நட்சத்திரம் என்றால், தொட்டிலில் போடும்போது காதில் சொல்கிற பெயரை அந்த எழுத்தில் வைத்துக்கொள்கிற வழக்கம் பல வீட்டில் இருக்கு, அதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டியதில்லை.

எண்கணிதம்: நம்ம ஊரில் பார்க்கிற சால்தியன் முறையில் இ 5, இசட் 7, எச் 5, ஐ 1, என் 5, ஐ 1, கூட்டினால் 24, அதாவது 6. இரட்டை எல் போட்ட நன்முல்லை 5, 1, 5, 4, 6, 3, 3, 1, 1, மொத்தம் 29, கூட்டினால் 11, அப்புறம் 2. அந்த முறைக்காரங்க 24ஐ நல்ல எண் என்றும் 29ஐ ஆகாத எண் என்றும் சொல்வாங்க. ஆக எழினிக்கு எச் சேர்க்கவே வேண்டாம் என்று பெரியப்பாவிடம் அவர் முறைப்படியே காட்டலாம். எச் ஒன்று கூடினால் 29 ஆகிவிடும், அவருக்கே பிடிக்காது.

பதிவேடு – இரவு 7.20

இரட்டை எச், இரட்டை ஐ சேர்த்த பெயர்களால் வரும் பிரச்சினை பெரிது. பள்ளியில் ஒருவர் அது பிழை என்று நினைத்து ஒரு எழுத்தை எடுத்துவிடுவார். அதற்குப் பிறகு சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் ஒத்துப்போகாது. படிக்கிறவர் கண்ணுக்குப் பிழை மாதிரி தெரியாத எழுத்துக்கூட்டல்தான் பிழையில்லாமல் நிற்கும்.

இசட்–எச்சா, எல் எழுத்தா என்றால், தமிழ்நாட்டில் பதிவு, தமிழ்நாட்டில் பள்ளி என்கிறவரை இசட்–எச் என்பேன். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் எழுதும் ஊழியர் இசட்–எச் பார்த்தால் ழ என்று தயங்காமல் அடிப்பார். 2020இல் ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஓர் அரசாணை வந்து சில நாளில் திரும்பப் பெறப்பட்டதே, அதிலும் எழும்பூருக்கு இசட்–எச் தான் போட்டார்கள். எல் போட்டால் ல, ள, ழ மூன்றில் எது என்று ஊகிக்க வேண்டும்.

நாவும்பல்லும் – இரவு 8.00

முடிவுக்கு முன் ஒரு சோதனை. முதலெழுத்தோடு சேர்த்துச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: க.எழினி, க.நன்முல்லை. ககரத்தின் அகரமும் எகரமும் மோதுகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டியிருக்கும், அது குறையில்லை. பிறகு வேற்றுமை ஏற்றிச் சொல்லுங்கள்: எழினியைக் கூப்பிடு, எழினிக்குப் பால் கொடு, எழினியோட பை. அடுத்து நன்முல்லையைக் கூப்பிடு, நன்முல்லைக்குப் பால் கொடு, நன்முல்லையோட பை. எந்த வரிசையில் உங்களை அறியாமல் பெயரைச் சுருக்குகிறீர்கள் என்று கவனியுங்கள். நான்கைந்து நாள், வீட்டில் எல்லாரும், அப்பத்தா உட்பட.

கூப்பிடு பெயர் ஒன்றையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். எழினி மூன்றெழுத்து, சுருக்க இடமில்லை. அப்படியே இருந்துவிடும்.

அத்தைக்காரி – ஐந்தாம் நாள், காலை 11.30

எல்லாருக்கும் வணக்கம். எழினி என்று முடிவாகிவிட்டதுங்க. சொல்லிப் பார்த்ததில் அப்பத்தாவுக்கு ழி சுத்தமாக வருகிறது, நன்முல்லையை மூன்றாம் நாளே எல்லாரும் முல்லை ஆக்கிவிட்டார்கள். திரைச்சீலை என்று அண்ணியிடம் சொன்னேன், திருமலைக் கல்வெட்டையும் சொன்னேன். அழகு என்று சொன்னபோது தலையாட்டியவர், திரை என்றதும் "இன்னொரு தரம் சொல்லு" என்றார். ஆங்கிலத்தில் இ, இசட், எச், ஐ, என், ஐ. நாளைக்கு அண்ணனும் அண்ணியும் பதிவு அலுவலகம் போகிறார்கள்.

குறுந்தொகைக்காரர் ஐயா, தப்பாக நினைக்காதீங்க.

குறுந்தொகைக்காரர் – முற்பகல் 11.45

ஒரு வருத்தமும் இல்லை அம்மா. எழினி நன்றாக வாழட்டும். இந்த இழையைப் படிக்கிற வேறு யாராவது நன்முல்லையை எடுத்துக்கொண்டால் நிறைவாக இருக்கும். வேண்டியதெல்லாம் மேலே இருக்கிறது, இரட்டை ல்ல-வை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தட்டச்சர் – நண்பகல் 12.10

நாளைக்கு: வெள்ளைத்தாளில் பெயரைத் தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் பெரிதாக எழுதி அண்ணன் கையில் கொடுத்து அனுப்புங்கள், வாயால் சொல்ல வேண்டாம். "குறில் எ, ழகர ழி, ரெண்டு சுழி னி" என்று அடியில் எழுதியும் விடுங்கள். ஒப்புதல் கொடுப்பதற்கு முன் திரையில் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். தமிழ்க் கட்டம், ஆங்கிலக் கட்டம் இரண்டையும் தனித்தனியே. அதே வேளையில் அப்பா, அம்மா பெயரின் எழுத்துக்கூட்டல் அவரவர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். குழந்தை பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக ஏறப்போவது அதுதான்.